கேப்டன் சில காலம், டாக்டர் காலமெல்லாம்

துப்பாக்கி ஏந்தி நிற்கும் கேப்டன் லட்சுமியின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுபாஷ் போஸின் ராணுவத்தில் அவர் நடத்திய பெண்கள் படைக்கு ஆட்களைத் தந்தவை மலேயாத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கூலியாள் அனுப்பிய சீமைகளில் ஒன்று நம் தென்னாற்காடு.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரத்துப் பெரியவர்களிடம் குடும்பக் கதை கேட்டுப் பாருங்கள். ‘கப்பலேறிப் போனவர்’ என்று யாராவது ஒருவர் அதில் தலைகாட்டக்கூடும். மழை பொய்த்த வருஷத்தில் தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணி வந்தார். முன்பணம் கொடுத்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டார். பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது, அப்புறம் தகவலே இல்லை. இப்படித்தான் அந்தக் கதைகள் முடியும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம், அதற்கும் முன் தென்னாற்காடு ஜில்லா. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடாற்காடு ஜில்லாக்களோடு தென்னாற்காடும் ஆள் அனுப்பியது. 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. கல்வராயன் மலைக்கு மேலே கதை வேறு. அங்கே ஜாகீர்தார்கள் வைத்ததுதான் சட்டம். கூலியில்லாத வேலையும் அதில் அடக்கம். அரசாங்கம் அந்த மலையைக் கையில் எடுத்ததே 1976-ல்தான். சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து!

கடல் தாண்டித் தோட்டத்துக்குப் போனவர்கள், மலைமேல் இருந்தவர்கள் என்ற இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. காய்ச்சலோ பிரசவமோ என்றால், கைக்கெட்டும் தூரத்தில் டாக்டர் கிடையாது. கேப்டன் லட்சுமி என்று நாடு கொண்டாடும் டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் வாழ்க்கையை இந்தக் குறையிலிருந்து தொடங்கிப் படித்தால் அது வேறுவிதமாகத் தெரிகிறது. படை அவர் வாழ்க்கையில் சில வருஷம். அதற்கு முன்னும் பின்னும், காசு கொடுக்க முடியாத நோயாளிகள்தான்.

வீட்டுக்குள் வந்த அயர்லாந்து

லட்சுமி பிறந்தது 1914 அக்டோபர் 24, சென்னையில். அப்பா சுவாமிநாதன் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல். அம்மா அம்மு, பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த பெண்களில் ஒருவர். தம்பதிக்கிடையே வயது வித்தியாசம் மிக அதிகம். ஆனாலும் அம்மு வீட்டோடு முடங்கவில்லை. 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதில் அவருக்கும் பங்கு இருந்தது.

அந்தச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றவர் மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணி. ஓட்டுரிமை கேட்டுப் போராடி, லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை கண்டவர். அன்னி பெசன்ட்டும் தாய்வழியில் ஐரிஷ் ரத்தம். அவர் கையில் எடுத்த ‘ஹோம் ரூல்’ கோஷமே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரன் ஆட்சியை வெள்ளைக்காரர்களே எதிர்க்கும் வேடிக்கையைச் சென்னை அப்போது பார்த்துக்கொண்டிருந்தது. லட்சுமி வளர்ந்த வீட்டுக்கு இந்தக் காற்று வராமல் இருக்குமா?

ஆனால் சிறுமி லட்சுமிக்கு முதல் அரசியல் பாடம் கிடைத்தது கேரளத்துப் பாட்டி வீட்டில். சுற்றியிருந்த காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் மனிதர்களின் கூவல் கேட்கும். அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பாள் பாட்டி. ஒருநாள் லட்சுமி நேரே போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். பாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த நிகழ்ச்சியை லட்சுமி பிற்பாடு தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மலைவாசியின் கையைத் தொடுவது குற்றமில்லை என்று நெஞ்சில் பதிந்துவிட்ட பிள்ளை டாக்டராவதற்குப் பாதித் தகுதி பெற்றுவிட்டது என்றே சொல்லலாம்.

1928-ல் கல்கத்தா காங்கிரஸுக்கு அம்மா அழைத்துப் போனபோது லட்சுமிக்கு 14 வயது. அங்கே தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியவர் சுபாஷ் சந்திர போஸ். ராணுவ உடுப்பில் அணிவகுத்த அந்தப் படையில் பெண்களும் இருந்தார்கள். பிறகு சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி, போலீஸுக்குத் தப்பி இவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். கம்யூனிசம் என்றால் என்ன என்று லட்சுமிக்குக் காதோடு சொன்னவர் அவர்தான். காங்கிரஸ் ஒரு காதில், கம்யூனிசம் மறு காதில். இரண்டுக்கும் நடுவே மருத்துவப் பாடம்.

கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து சிங்கப்பூருக்கு

ராணி மேரிக் கல்லூரியில் படிப்பு. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ்., அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோ. வேலை பார்த்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆண் டாக்டரிடம் காட்டக் கூசும் பெண்கள் தேடி வந்த இடம் அது. ராவ் என்ற விமானியோடு நடந்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940-ல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் திறந்த கிளினிக்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை இந்தியத் தொழிலாளர்கள். தமிழ் தெரிந்த பெண் டாக்டர் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். மலேயாவில் அன்றைக்குத் தமிழ்க் கூலிப் பெண்ணின் நிலைமை என்ன? ஆணுக்கு நாள் கூலி 50 சென்ட் என்று வகுத்த கணக்கு, பெண்ணுக்கு 40 என்றது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போக வேண்டும். குழந்தையைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். திரும்பி வந்தால் லயம் என்ற கூலிக் குடியிருப்பில் ஒரே அறை, அதில் குடும்பம் மொத்தமும். ஆண்களின் கூலியில் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போகும். இந்தப் பெண்களின் உடம்பை மருத்துவராகப் பார்த்தவருக்கு, ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. ரத்தசோகை, அடுத்தடுத்த பிரசவம், மலேரியா என்று நோய்க்குறிப்பிலேயே அது எழுதியிருந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். வெள்ளைக்காரத் தளபதிகள் அவர்களை ஒப்படைத்த விதம், இதுவரை யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்வியை எழுப்பியது. காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த லட்சுமி அந்தப் பேச்சுகளை நேரில் கேட்டார். கேப்டன் மோகன் சிங் உருவாக்கிய முதல் இந்திய தேசிய ராணுவம், ஜப்பானியரோடு வந்த பிணக்கில் அந்த வருஷக் கடைசியிலேயே குலைந்தது. சயாம்-பர்மா ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்ததும் அதே ஜப்பானியர் கையில்தான். இந்தப் போரில் தமிழ்க் கூலிக்கு நல்ல எஜமான் என்று யாருமில்லை.

இருபது புடவை, இருபது துப்பாக்கி

குலைந்த அந்த ராணுவத்தை மீண்டும் திரட்ட, 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து நடந்த பொதுக்கூட்டத்தில், ஜான்சி ராணியின் பெயரில் பெண்கள் படை அமைக்கப்போவதாக அறிவித்தார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை. இந்திய சுதந்திரக் கழகத்தில் பணியாற்றிய லட்சுமி, வீடுவீடாகப் போய் இருபது பெண்களைச் சேர்த்தார். ஜூலை 12 அன்று அந்த இருபது பேரும் புடவை கட்டியபடியே கனத்த ராணுவத் துப்பாக்கிகளைத் தூக்கி நிறுத்தி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அன்றிரவே போஸ் லட்சுமியை அழைத்துப் பேசினார். நெடுநேரம் நீண்ட பேச்சின் முடிவில், கிளினிக்கை மூடிவிட்டு வர லட்சுமி சம்மதித்துவிட்டார்.

அக்டோபர் 21-ல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர். மறுநாள் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்தார்கள். பிறகு கோலாலம்பூரிலும் ரங்கூனிலும். படையில் எத்தனை பேர் என்பதில் ஆயிரத்திலிருந்து ஐந்நூறு வரை ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை: அவர்களில் கணிசமானவர்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் பலர்.

வசதியான வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். மலேயா திரும்பியபின் மலேயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஜானகியின் பெயரைச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. லயத்திலிருந்து வந்தவர்களின் பெயர்களைத் தேடினால் சிலதான் கிடைக்கும். அவர்களில் தென்னாற்காட்டுக் குடும்பங்களின் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. கங்காணியின் கைநாட்டுப் பதிவேட்டுக்கு வெளியே முதல்தடவையாக அவர்களின் பெயர் ஏறிய இடம் அந்தப் படையின் ஆள்சேர்ப்புப் பட்டியலாக இருந்திருக்கக்கூடும். எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதற்கு நேதாஜியின் பேச்சு ஒரு காரணம். கங்காணி, கிராணி எனப்படும் குமாஸ்தா, தோட்டத்துரை என மூன்றடுக்கு அதிகாரத்துக்குக் கீழே குனிந்தவர்களுக்கு, நிமிர்ந்து நில் என்று உத்தரவு போட்ட முதல் இடம் அந்த முகாம் என்பதும் ஒரு காரணம்தானே?

பர்மாவில் மீண்டும் ஊசியும் மருந்தும்

1944-ல் படை பர்மாவுக்கு நகர்ந்தது. ஆண்கள் படைகள் ஜப்பானியரோடு சேர்ந்து இம்பால் நோக்கிப் போயின. பெண்கள் படையில் ஒரு பிரிவு மேமியோ வரை போய், முன்னணிக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. வந்தவர்கள் நோயாளிகள்தான். இம்பால் தோற்று மழைக்காலத்தில் பின்வாங்கிய சிப்பாய்கள் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பசி என்று குற்றுயிராகத் திரும்பினார்கள். குண்டடி பட்டவர்களைவிட இப்படி விழுந்தவர்கள் அதிகம். குண்டுவீச்சுக்கு நடுவே, மருந்துத் தட்டுப்பாட்டோடு, பெண்கள் படை ஆஸ்பத்திரி வேலையில் இறங்கியது. துப்பாக்கி ஏந்தப் போன டாக்டர், திரும்பவும் டாக்டரானார்.

போஸ் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்பி, பெண்கள் படையினரோடு தாய்லாந்தை நோக்கிப் பெரும்பாலும் நடந்தே போனார். லட்சுமி நோயாளிகளோடு பர்மாவில் நின்றுவிட்டார். அந்த வருஷமே பிடிபட்டு, பர்மாவிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1946 மார்ச்சில்தான் இந்தியா அனுப்பினார்கள். அதற்குள் செங்கோட்டை வழக்கு முடிந்து, அதில் விசாரிக்கப்பட்ட இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ், பிரேம்குமார் சஹ்கல், தில்லான் மூவரும் விடுதலையாகி நாட்டின் நாயகர்களாகிவிட்டார்கள். 1947 மார்ச்சில் லாகூரில் லட்சுமிக்கும் சஹ்கலுக்கும் திருமணம் நடந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் இந்திய தேசிய ராணுவ வீரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சஹ்கல் கான்பூரில் ஜவுளி மில் வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் அயர்லாந்தை மறுபடி நினைக்கத் தோன்றுகிறது. மாயோ கவுண்டியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்த டாக்டர் கேத்லீன் லின், 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது ஐரிஷ் குடிமக்கள் படையின் தலைமை மருத்துவ அதிகாரி. டப்ளின் நகர மண்டபத்தில் தளபதி சுடப்பட்டு இறந்ததும் பொறுப்பேற்று நின்றவர் இவர்தான். சிறைக்குப் போனார், வெளியே வந்தார். 1923-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், ராஜாவின் பெயரால் உறுதிமொழி எடுக்கச் சம்மதிக்காத தன் கட்சியோடு சேர்ந்து சபைக்குள் நுழையவில்லை. 1927-ல் தோற்றார். ஆனால் 1919-ல் தோழி ஒருவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய புனித அல்ட்டன் குழந்தைகள் மருத்துவமனை, டப்ளின் சேரிகளில் செத்துக்கொண்டிருந்த பச்சைக்குழந்தைகளைக் காப்பாற்றியபடி நின்றது. 1955-ல் லின் இறந்தபோது ராணுவ மரியாதை கொடுத்தார்கள். லின்னும் லட்சுமியும் ஒருவரையொருவர் சந்தித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இருவர் கதையும் ஒரே தடத்தில் போகிறது. நோயாளியின் வறுமை அவர்களைப் படைக்கு அனுப்பியது. விடுதலை வந்த பிறகும் அந்த வறுமை போகாததால், இருவரும் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்கள்.

கான்பூர், போபால், கருணாபுரம்

பிரிவினையின் அகதிகள் கான்பூருக்கு வந்து குவிந்த நாட்களில் லட்சுமி மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். இந்து, முஸ்லிம் இரு தரப்பும் அவரிடம் வந்தார்கள். மில் தொழிலாளர் குடும்பங்களின் பிரசவங்கள் அவர் கையில் நடந்தன. கட்டணம் பெயருக்குத்தான். கட்சி அரசியலுக்கு அவர் வந்தது வெகு தாமதமாக. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வங்காள எல்லையில் குவிந்தபோது, ஜோதி பாசுவின் அழைப்பைக் கேட்டு மருந்து மூட்டையோடு போய் முகாம்களில் வாரக்கணக்கில் வேலை பார்த்தார். அதன்பின்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 57 வயதுக்குக் கிட்டத்தில், ஒரு மருத்துவ முகாமின் வழியாக! 1981-ல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவரானார். மகள் சுபாஷினி அலி 1989-ல் கான்பூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.

1984 அவருக்குக் கடுமையான வருஷம். இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் சீக்கியர்களைத் தேடி வந்த கும்பல்களைத் தடுக்க, 70 வயதில் தெருவில் இறங்கி நின்றார். தன் கிளினிக்கைச் சுற்றியிருந்த சீக்கியர் மீதும் அவர்களின் கடைகள் மீதும் கைவைக்க அவர் விடவில்லை. டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததும் மருத்துவக் குழுவோடு அங்கே போனார். பிற்பாடு, அந்த வாயு கர்ப்பிணிகளுக்குச் செய்த நீண்டகாலக் கேட்டைப் பற்றி அறிக்கை எழுதினார். செத்தவர்களை எண்ணி முடித்ததும் ஊர் கலைந்துவிடும். பிழைத்தவர்களின் உடம்பில் அந்த விஷம் என்ன செய்கிறது என்று கவனிப்பது டாக்டரின் வேலை என்பதை அவர் மறக்கவில்லை.

இது கள்ளக்குறிச்சிக்கு நேரடியாகப் பொருந்தும் பாடம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கைவைப்பது பார்வை நரம்பில். உயிர் தப்பினாலும் கண் தப்பாமல் போகலாம். நிவாரணம் அறிவித்து, அமைச்சர்கள் வந்துபோய், தொலைக்காட்சி வண்டிகளும் கிளம்பிய பிறகு, அந்தக் குடும்பங்களின் கண்ணையும் சிறுநீரகத்தையும் மனசையும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்வது யார்? அந்த மரணங்களை ஒட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. காய்ச்சிய சாராயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சாலை, பள்ளிக்கூடம், பிழைப்பு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பேசியாக வேண்டும் என்பதை நீதிமன்றமும் கண்டுகொண்டது.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுகிறது. பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் சுற்றுலாக் கூட்டம் வருகிறது. ஆனால் பிரதான சாலையை விட்டு உள்ளே போகும் ஊர்களில் பிரசவ வலி எடுத்தால் இன்னும் டோலியையோ டிராக்டரையோ நம்ப வேண்டிய நிலை அடியோடு மறையவில்லை. இளைஞர்கள் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போகிறார்கள். கங்காணிக்குப் பதிலாக மேஸ்திரி. கப்பலுக்குப் பதிலாக வேன்.

தோற்கத் தெரிந்த வேட்பாளர்

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகள் லட்சுமியை நிறுத்தினார்கள். எதிரே ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம். தமிழ் மண்ணில் பிறந்த இரண்டு பேர் ராஷ்டிரபதி பவனுக்குப் போட்டியிட்ட அபூர்வத் தேர்தல் அது. முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். கலாமுக்கு 9 லட்சத்துக்கும் மேல் வாக்குமதிப்பு, லட்சுமிக்கு 1 லட்சத்துச் சொச்சம். 87 வயதில் ஊர் ஊராகப் போய், நாட்டில் பசியும் மதவெறியும் இருக்கும்போது எதிர்ப்பில்லாத தேர்தல் நடக்கக் கூடாது என்று வாதாடினார். 1998-ல் அவருக்குப் பத்மவிபூஷண் கொடுத்த அதே அரசியல் வட்டாரம், அந்த வாதத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்தது.

தோற்ற பிறகு கான்பூரில் அவர் செய்தது, முன்பு செய்துகொண்டிருந்ததைத்தான். 2006-லும், 90 வயதைத் தாண்டியபின்னும் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23 அன்று, 97 வயதில் இறந்தார். உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது அவருடைய விருப்பம்.

கள்ளக்குறிச்சிக்கும் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிறுவங்கூரில் உள்ளதும் ஒன்று. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கேப்டன் லட்சுமியைச் சுதந்திர தின விழாவில் அறிமுகப்படுத்துவார்கள், துப்பாக்கிப் படத்தோடு. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒரு போர் மூளட்டும், ஒரு நேதாஜி கூப்பிடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 26 வயதில், புது ஊரில், கூலி ஜனங்கள் வரக்கூடிய கிளினிக்கைத் திறந்தார். மற்றவையெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தன. அந்த முதல் காரியத்தைச் செய்ய இன்றைய டாக்டருக்குக் கப்பலேற வேண்டிய அவசியமில்லை. வெள்ளிமலைக்கு ஒரு பணி ஆணையும், அதை மாற்றிக்கொள்ள சிபாரிசு தேடாத மனசும் போதும்.